கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு எதைக் காட்டுவது?

சீசனும் வருகிறது, கல்யாணங்களும் வருகின்றன, வெளியூரிலிருந்து வரும் விருந்தாளிகளை எங்கெங்கே அழைத்துப் போகலாம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டார். ஒரு பக்கத்துக்குள் எழுத முடியாமல் போனதற்கு என்னை மன்னிக்க வேண்டும். முப்பத்தேழு வருஷம் பேங்கில் சின்னக் கட்டத்துக்குள் எண்களை அடக்கி எழுதியவன், ஓய்வுபெற்ற பிறகாவது கொஞ்சம் தாராளமாக எழுதிவிட்டுப் போகிறேனே.

இந்தக் கேள்விக்கு நம் ஊரில் எல்லோரும் சொல்கிற பதில் ஒன்றுதான்: குற்றாலம். முகூர்த்தம் முடிந்து பந்தி முடிந்ததும் வாசலில் வேன் வந்து நிற்கும். துண்டு, மாற்றுத் துணி, குழந்தைகளுக்கு முறுக்குப் பொட்டலம். இருட்டிய பிறகு தலை ஈரத்தோடு திரும்பி வந்து, "சூப்பராக இருந்தது" என்று சொல்லிவிட்டு மறுநாள் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணத்திலும் இதையேதான் செய்தேன், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் சில வருஷம் முன்பு ஒரு ஜூன் மாதத்தில் நடந்த சம்பவத்துக்குப் பிறகு இந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டு பாய் மகனுக்கு நிக்காஹ். பெண் வீட்டார் வழியில் சிங்கப்பூரிலிருந்து பதினைந்து பேர் வந்திருந்தார்கள். ஜூன் மாதம் அங்கே பள்ளிக்கூட லீவு என்பதால் குழந்தை குட்டிகளோடு வந்துவிட்டார்கள். கல்யாண வேலையில் பாய்க்குத் தலைக்கு மேல் இருந்தது. "சார், இவங்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துருங்க, நீங்கதான் ரிடையர்டு" என்று என்னிடம் ஒப்படைத்தார். தென்காசி தாண்டும்போதே செய்தி வந்துவிட்டது: மேலே மலையில் நல்ல மழை, பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது, ஐந்தருவியிலும் குளிக்கத் தடை. தடை என்றால் தடைதான். 2024 மே மாதம் 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவனை இழந்தோமே, அதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கீழே வெயில் அடிக்கும், மேலே மலையில் கொட்டித் தீர்க்கும், அந்தத் தண்ணீர் இறங்கி வரும்போது ஓட நேரம் இருக்காது. விருந்தாளிகள் என்ன கெஞ்சினாலும் போலீஸ் விசிலை மீறி ஓரமாகக்கூட இறங்க விடாதீர்கள்.

வேனைத் திருப்பினோம். பின் சீட்டில் எழுபது வயதை ஒட்டிய ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார்கள். என்னைவிட மூத்தவர், அக்கா என்று கூப்பிட்டேன். அவர் சொன்னார்: "தம்பி, எனக்கு அருவி பார்க்கணும்னு இல்ல. எங்க தாத்தாவும் பாட்டியும் உங்க ஊர்ல இருந்துதான் கப்பல் ஏறினாங்க. தறி போட்டிருந்தாங்களாம். அந்தத் தெரு, அந்த மாதிரி ஒரு வீடு, ஏதாவது காட்ட முடியுமா?"

நான் கடையநல்லூரில் பிறந்து வளர்ந்தவன். இந்த ஊர்க் கிளையிலேயே பதினோரு வருஷம் வேலை பார்த்தவன். அந்த அக்காவுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பிறகு போனில் ஒரு படம் காட்டினார்கள். பச்சை நிறத் தெருப் பெயர்ப் பலகை, ஆங்கில எழுத்தில் நம் ஊர்ப் பெயர். சிங்கப்பூரில் 'கடையநல்லூர் தெரு' என்றே ஒரு தெரு இருக்கிறது. நம்மில் பலருக்கு இது தெரியும், எனக்கும் காதில் விழுந்த செய்திதான், பலகையைப் பார்த்தது அன்றைக்குத்தான். சிங்கப்பூர் போகிற சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் சாப்பிடப் போகும் மேக்ஸ்வெல் உணவங்காடிக்கு முகவரியே 1, கடையநல்லூர் தெரு. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வருகிறவர்கள் கோழிச் சோறு வாங்க நம் ஊர்ப் பெயரை போன் வரைபடத்தில் தேடிக்கொண்டு போகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைச் சரியாக உச்சரிப்பார்கள் என்பது வேறு விஷயம்.

அந்தத் தெரு இருக்கும் இடம் தஞ்சோங் பகாரை ஒட்டியது. துறைமுகம் இருந்த பகுதி. பக்கத்தில் தெலுக் ஆயர் தெரு, ஒரு காலத்தில் அதுதான் கடற்கரை. கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்றைக்குக் கரை வெகுதூரம் தள்ளிப் போய்விட்டது. அந்தத் தெருவில்தான் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா நிற்கிறது. கடல் தாண்டி வந்த தமிழர்கள் பத்திரமாகக் கரை சேர்ந்ததற்கு நன்றி சொன்ன இடம். நம் ஊர்க்காரர்கள் அங்கே போனது அதற்கு வெகுகாலம் பிற்பாடு, போன நூற்றாண்டில். தறித் தொழில் நலிந்து, பஞ்சமும் சேர்ந்துகொண்டபோது கிளம்பினார்கள்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. கடல் கடந்து போன தமிழ் முஸ்லிம்களில் மற்ற ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஆண்கள் மட்டும் போய்ச் சம்பாதித்து ஊருக்கு அனுப்பினார்கள், குடும்பம் இங்கேயே இருந்தது. கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் மனைவி மக்களையும் கூட்டிக்கொண்டு போய்க் குடியேறினார்கள். பெண்களும் அங்கே உழைத்தார்கள். தன் பாட்டி அம்மியில் மசாலா அரைத்து உருண்டை பிடித்து வீடு வீடாக விற்றதாக அந்த அக்கா சொன்னார். குடும்பமாகப் போனதால் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது. 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கத்தைத் தொடங்கியவர்கள், யுத்தம் முடிந்ததும் 1946இல் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் உமறுப் புலவர். சீறாப்புராணம் பாடி எட்டயபுரத்தில் அடக்கமாகியிருக்கும் நம் பக்கத்துப் புலவர் பெயரை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அந்தப் பள்ளி 1982 வரை நடந்தது. நம் அக்கா அதில் படித்தவர். இன்றைக்கும் அங்கே அரசு நடத்தும் தமிழ்மொழி நிலையத்துக்கு உமறுப் புலவர் பெயர்தான்.

எப்படிப் போனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சின்னப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ரயில் பாதை போட்டது 1927இல். அதற்குப் பிறகு நம் ஸ்டேஷனிலேயே மூட்டை முடிச்சோடு ஏறலாம். நாகப்பட்டினமோ மெட்ராஸோ போய்க் கப்பல். ரஜூலா என்ற கப்பலின் பெயரை நம் ஊர்ப் பெரியவர்கள் சொந்தக்காரர் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். 1926இல் கட்டிய கப்பல், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகும், எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது. அதற்குப் பிறகு வந்த 'சிதம்பரம்' கப்பலில் 1985இல் தீப்பிடித்ததோடு கப்பல் பயணமே முடிந்துபோனது.

நான் பேங்கில் சேர்ந்த காலத்தில் வெளிநாட்டு டிராப்ட் வாரத்துக்கு ஒரு கட்டு வரும். கல்ஃப் பணம்தான் அதிகம், நடுநடுவே சிங்கப்பூர், மலேசியா. கவுண்டருக்கு வரும் அம்மாக்கள் கவரை என்னிடமே கொடுத்துப் பிரிக்கச் சொல்வார்கள். டிராப்டை எடுத்துக்கொண்டு கடிதத்தை வாசித்துக் காட்டவும் சொல்வார்கள். ஸ்டாம்பை என் மகனுக்காகக் கிழித்துக்கொள்வேன். இந்த ஊர் வீடுகள் எந்தெந்த வருஷம் ஓட்டிலிருந்து மச்சுக்கு மாறின என்று பேரேட்டைப் பார்த்தே என்னால் சொல்லியிருக்க முடியும். கிரெடிட் எழுதினேன், டெபிட் எழுதினேன். அந்தப் பணம் வந்த கதையை ஒரு நாளும் யாரிடமும் கேட்டு எழுதி வைக்கவில்லை. இப்போது கேட்கலாம் என்றால் சொல்வதற்கு அந்த அம்மாக்கள் இல்லை.

அன்றைக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். வேனை ஊருக்குள் விட்டேன். பேட்டைப் பக்கம் மூன்று தெரு சுற்றினோம். நான் சின்ன வயதில் காலையில் பள்ளிக்கூடம் போகும்போது வரிசையாகத் தறிச் சத்தம் கேட்கும். இப்போது அந்த இடங்களில் டைல்ஸ் ஒட்டிய மாடி வீடுகள். விசாரித்து விசாரித்து ஒரு வீட்டில் குழித்தறி இருப்பதைக் கண்டுபிடித்தோம். குழி மேல் பலகை போட்டு மூடி, அதன்மேல் அரிசி மூட்டை வைத்திருந்தார்கள். வீட்டுக்காரப் பெரியவர் மூட்டையை நகர்த்திவிட்டுக் காட்டினார். அக்கா குனிந்து குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து பார்த்தார். அவருடைய பேரப் பையன், பத்து வயதிருக்கும், "பாட்டி, இது என்ன, நீச்சல் குளமா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் எழுந்திருக்கக் கொஞ்ச நேரமானது.

இனிமேல் நம் வீட்டுக்கு வருகிறவர்களை எங்கே கூட்டிப் போவது என்று நான் யோசித்ததெல்லாம் அன்றைக்குப் பிறகுதான். அருவியை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தண்ணீர் இல்லாவிட்டாலும், தடை போட்டாலும், வயதானவர்கள் வந்தாலும் காட்டுவதற்கு மனிதர்கள் கையால் ஆக்கியவை நம்மைச் சுற்றி நிறைய இருக்கின்றன.

முதலில் நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கடகாலீஸ்வரர் கோயில் நமக்குத் தெரியும். கடகால் என்றால் பால் கறக்கும் மரப் பாத்திரம். அந்தப் பாத்திரமே லிங்கமாக நின்றது என்றும், கடகால் நல்லூர்தான் கடையநல்லூர் ஆனது என்றும் தலக் கதை சொல்வார்கள். கதையை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். ஆனால் மாடு வளர்த்துப் பால் கறந்த ஊர் தன் பாத்திரத்தையே சாமியாக வைத்துக்கொண்டது என்று சொன்னால் விருந்தாளிகள் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார்கள், நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன். நீலமணிநாதர் பெருமாள் கோயிலும் கிருஷ்ணாபுரத்து ஆஞ்சநேயரும் நடை தூரத்திலோ ஆட்டோ தூரத்திலோ இருக்கிறார்கள். காலை வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடலாம். சாயங்காலம் காற்றாட வேண்டுமென்றால் சொக்கம்பட்டி வழியாகக் கருப்பாநதி அணை. 72 அடி அணைதான். மலை அப்படியே தண்ணீரில் கவிழ்ந்து கிடக்கும்.

அடுத்தது தென்காசி. இதற்கு மட்டும் ஒரு முழுக் காலைப் பொழுதை ஒதுக்குங்கள் என்பேன்.

காசி விசுவநாதர் கோயிலைக் கட்டியவன் பராக்கிரம பாண்டியன். ஆண்டு 1446. மதுரையில் பாண்டியர்களின் பெரிய ஆட்சி போய், அவர்கள் தென்கோடிக்கு ஒதுங்கி வந்த காலம் அது. மன்னன் கனவில் சிவன் வந்து எறும்புச் சாரையைப் பின்தொடர்ந்து போ என்று வழி காட்டியதாகக் கதை. வடக்கே காசிக்குப் போக முடியாதவர்களுக்காகத் தெற்கே ஒரு காசி. சற்று யோசித்துப் பாருங்கள், ராஜ்யம் சுருங்கிப்போன ஒருவன் இவ்வளவு பெரிய கோயிலை எடுத்திருக்கிறான். ராஜகோபுரத்தையும் அவனே தொடங்கினான், முடிப்பதற்குள் 1463இல் காலமாகிவிட்டான். தம்பி குலசேகர பாண்டியன் முடித்து வைத்தான்.

அந்தக் கோயிலில் அவன் பெயரால் வெட்டியிருக்கும் பாட்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. ராஜாக்கள் கல்வெட்டு என்றால் நான் இன்னாரை வென்றேன், இவ்வளவு நிலம் கொடுத்தேன் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். இவன் வேறு மாதிரி எழுதி வைத்திருக்கிறான். பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது பழுது வந்தால் அதை யார் சரிசெய்து காப்பாற்றுகிறார்களோ, அவர்கள் காலில் நான் விழுந்து கும்பிடுகிறேன் என்பது அதன் கருத்து. ஐந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ராஜா, பிறக்காத நம்மிடம் கும்பிட்டுக் கேட்டிருக்கிறான்.

அவன் பயந்தது நடந்தது. கோபுரம் நெருப்பில் சிதைந்து, இரண்டாகப் பிளந்து ரொம்ப காலம் நின்றது. என் வயதுக்காரர்கள் அந்தப் பிளந்த கோபுரத்தைத்தான் பார்த்து வளர்ந்தோம். மேலே அரசும் ஆலும் முளைத்திருக்கும். நடுவில் வானம் தெரியும். எங்கள் அம்மாவுக்கு அதன் அடியில் நடக்கவே பயம். என்னை இழுத்துக்கொண்டு ஓட்டமாக உள்ளே போவாள். எண்பதுகளில் திருப்பணி தொடங்கியது. சிவந்தி ஆதித்தன் முன்னின்று நடத்தினார், ஊர் ஊராக மக்கள் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். பேங்கில் நாங்களும் சம்பளத்திலிருந்து ஒரு சிறு தொகை சேர்த்துக் கொடுத்தோம். 1990 ஜூனில் குடமுழுக்கு நடந்தது. ஒன்பது நிலை, ஏறத்தாழ 180 அடி. மறுபடி 2025 ஏப்ரலில் ஒரு குடமுழுக்கு ஆனது, பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நின்று பார்த்தேன்.

விருந்தாளிகளிடம் கோபுரத்தின் உயரத்தை மட்டும் சொல்லாதீர்கள், இது பிளந்து நின்றது, நாம் சேர்ந்து கட்டியது என்று சொல்லுங்கள். வாசலில் நிற்கவைத்து அந்தக் காற்றை அனுபவிக்கச் சொல்லுங்கள். சாரல் மாதத்தில் வேட்டியைப் பிடித்துக்கொள்ளாமல் அந்த வாசலைத் தாண்ட முடியாது. உள்ளே மண்டபத் தூண்களில் வீரபத்திரர், ரதி, மன்மதன், தாண்டவம் ஆடும் சிலைகள் ஒற்றைக் கல்லில் நிற்கின்றன. கல்யாண வீட்டார் ரதி மன்மதனைப் பார்க்காமல் திரும்பலாமா?

அங்கிருந்து குற்றாலம் போகிற வழியில் மேலகரம். வேனில் போகிற யாரும் திரும்பிப் பார்க்காத ஊர். திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் இந்த ஊர்க்காரர். மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அந்த நூலுக்காக அவருக்கு நிலம் கொடுத்தார், அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். பள்ளிக்கூடத்தில் குரங்குகள் பற்றிய அந்தப் பாட்டை மனப்பாடம் செய்து அடி வாங்கியவர்கள் நம் விருந்தாளிகளில் கட்டாயம் இரண்டு பேராவது இருப்பார்கள். "அந்தக் கவிராயர் ஊர் இதுதான்" என்று காட்டுங்கள், வேனுக்குள் ஒரே கச்சேரி ஆகிவிடும்.

குற்றாலத்துக்குள் போனபின் நான் சொல்ல வருவது அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்க்க வேண்டியவற்றை. பேரருவி நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் அடங்கி, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் யாரும் அடியில் நிற்க முடியாது. குற்றாலநாதர் கோயில் சங்கு வடிவில் அமைந்தது, சம்பந்தர் பாடிய தலம், குறும்பலா அங்கே தல மரம். சற்றுத் தள்ளிச் சித்திர சபை. நடராசருக்கு ஐந்து சபை: சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம், நம் குற்றாலத்தில் சித்திரம். மற்ற நான்கிலும் கூத்தன் சிலையாக ஆடுகிறான், இங்கே ஓவியமாக ஆடுகிறான். சுவர் முழுக்கப் படங்கள். அருவியில் ஆயிரம் பேர் இடித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் சித்திர சபையில் நாலு பேர் இருந்தால் அதிகம்.

கடைத் தெருவில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்து கிடக்கிறதே, மலாய் நாட்டுப் பழம் இங்கே எப்படி வந்தது என்று சிங்கப்பூர்க்காரர்களே கேட்டார்கள். கம்பெனிக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் இந்த மழையையும் ஈரக் காற்றையும் பார்த்துவிட்டுக் கிராம்பு, ஜாதிக்காய், இலவங்கப்பட்டை எல்லாம் கொண்டுவந்து தோட்டம் போட்டார்கள். அந்த வழக்கம் மலைத் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. தென்னிந்தியச் செடிகொடிகளை வரைந்து புத்தகம் போட்ட ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து டாக்டரும் 1830களில் குற்றாலத்தில் தங்கிச் செடிகள் சேகரித்தார். அவரவர் வீட்டில் தின்கிற பழத்தை இங்கே பார்த்ததும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. விலையைக் கேட்டதும் பெரியவர்களுக்கு அந்தக் குஷி இல்லை.

விருந்தாளிகளைப் பற்றிப் பேசும்போது ரசிகமணி டி.கே.சி.யைச் சொல்லாமல் விடக்கூடாது. 1954இல் காலமானவர். வக்கீலுக்குப் படித்தவர், ஆனால் கம்பனைப் பேசுவதும் வந்தவர்களை உபசரிப்பதுமே அவருக்கு வேலை. ராஜாஜியும் கல்கியும் அவருடைய குற்றாலத்து வீட்டில் விருந்தாளிகள். அங்கே இலையில் என்ன விழுந்தது என்பதோடு என்ன பேசினார்கள் என்பதையும் போனவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் ஏ.சி. ரூம் போட்டுக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கிறோம்.

சாப்பாடு என்றதும் பிரானூர் பார்டர் ஞாபகம் வந்திருக்கும். நாட்டுக்கோழியும் புரோட்டாவும் இருக்கட்டும், கேரள எல்லை புளியரைக்கு அப்பால் இருக்க, இங்கே எதற்கு 'பார்டர்' என்று யோசித்ததுண்டா? செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. அதுவரை எல்லை இந்தப் பக்கம் இருந்தது. எல்லை போய் எழுபது வருஷம் ஆகப்போகிறது, பெயர் மட்டும் புரோட்டாக் கல்லில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அப்படியே செங்கோட்டையில் வாஞ்சிநாதன் சிலையைப் பார்க்கலாம். 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டவர். நேரம் இருந்தால் அங்கிருந்து புனலூர் பக்கம் போகும் ரயிலில் ஏறிவிடுங்கள். 1904இல் போட்ட மலைப்பாதை. மீட்டர் கேஜ் 2010இல் நின்று, 2018இல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. குகைகளும் பதிமூன்று கண் பாலமும் குழந்தைகளுக்கு அருவிக்கு ஈடான விருந்து.

கடைசியாக, நம் தாலுகாவிலேயே இருந்தும் நம்மில் பலர் பார்க்காத ஓர் இடம். சேர்ந்தமரம் பக்கம் திருமலாபுரம். ஒரு சின்னப் பாறைக் குன்றில் பாண்டியர் காலத்தில், சுமார் ஆயிரத்திருநூறு வருஷத்துக்கு முன், குடைந்த சிவன் கோயில். சுவரில் பிரம்மா, திருமால், ஆடும் சிவன், பிள்ளையார். கூரையை அண்ணாந்து பாருங்கள், பழைய ஓவியத்தின் மிச்சம் தெரியும்: தாமரை, பூதகணம், சிங்கம். சித்தன்னவாசலுக்கு உலகமே போகிறது, அதே வகை ஓவியம் நம் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ராய் என்ற பிரெஞ்சுக்காரர்தான் போன நூற்றாண்டில் இந்த ஓவியங்களைக் கண்டு வெளியே சொன்னார். நான் முதல் தடவை போனது ஓய்வுபெற்ற பிறகு, அறுபது வயதில். டார்ச் எடுத்துப் போங்கள், தண்ணீரும் எடுத்துப் போங்கள். சுவரில் கை வைக்கக் கூடாது, பெயர் கிறுக்கவே கூடாது.

அந்த அக்கா ஊருக்குப் போவதற்கு முதல் நாள் பாய் வீட்டுத் திண்ணையில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது: "நான் இருக்கிற வரைக்கும் இந்த ஊருக்குக் கல்யாணத்துக்கு வருவேன் தம்பி. என் பிள்ளைகளும் வருவாங்க. இந்தப் பையன் வருவானான்னு தெரியல." நான் என்ன பதில் சொன்னேன் என்று சரியாக நினைவில்லை, ஏதோ சமாதானமாகச் சொல்லியிருப்பேன்.

போன கார்த்திகையில் அந்தக் குழித்தறி வீட்டுப் பக்கம் போனேன். பெரியவர் தவறிவிட்டார். மகன்கள் வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னார்கள், அவர்களைக் குறை சொல்ல நான் யார், எங்கள் வீட்டையும் நான் அப்படித்தான் இடித்துக் கட்டினேன். தறிக் கட்டைகளையும் ஓடத்தையும் விறகுக்குப் போடாமல் எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்தேன். இப்போது எங்கள் மாடிப்படிக்குக் கீழே சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். வீட்டம்மாவுக்கு அந்த இடம் கேஸ் சிலிண்டருக்கு வேண்டுமாம். சங்க அலுவலகத்தில் பின் அறை காலியாகத்தான் கிடக்கிறது, ஒரு மூலை கொடுத்தால் கொண்டுவந்து பூட்டி நிறுத்திவிடுவேன், பூட்டத் தெரிந்த ஒருவர் மேலக்கடையநல்லூரில் இருக்கிறார். உங்கள் வீட்டுப் பரணிலும் தறிச் சாமான், கப்பல் டிக்கெட், சிங்கப்பூரிலிருந்து வந்த பழைய கடிதம், டிரங்குப் பெட்டி ஏதாவது கிடந்தால், பழைய இரும்புக்காரருக்குப் போடும் முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். வருகிற ஜூனில் நம் நகரில் மூன்று கல்யாணம், இரண்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். முகூர்த்தத்துக்கு மறுநாள் காலை ஆறரை மணிக்கு, வெயிலுக்கு முன், நம் தெருக்களைச் சுற்றிக் காட்ட நான் தயார். கூட வருகிறவர்கள் காபி குடித்துவிட்டு வாருங்கள்.